கவிழ்த்து வைத்த ராணி

போன மாதம், நான் வேலை பார்த்த பழங்காசுக் கடையிலிருந்து போன் வந்தது. இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் பேசினாள். பம்பாயில் எங்கள் மாட்டுங்காப் பெண்தான். வெள்ளி ரூபாய் ஒன்றைத் தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அதைப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, நிறம் சந்தேகத்துக்குரியது என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"அங்கிள், நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கோளேன்" என்றாள்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி, சாம்பாரில் கிடப்பது கத்திரிக்காயா முருங்கைக்காயா என்றே தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது, என்னால் ஆகாது என்றேன். அவள் விடவில்லை. தானாக வந்த நிறத்தையும் வரவழைத்த நிறத்தையும் பிரித்துச் சொல்ல அந்தக் காலத்தில் என்ன வழி வைத்திருந்தீர்கள், அதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அம்மாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாளாம். சரி, அவள் அம்மாவுக்காக எழுதுகிறேன்.

வழி இருந்தது. நல்ல வழிதான். ஒரே ஒரு தடவை அது போதவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ஏதாவது ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக நுழைவார்கள். எனக்கு வாய்த்தது ஃபோர்ட் பகுதியில், ஒரு சந்துக்குள் இருந்த பழங்காசுக் கடை. வெளிநாட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் அடிக்க எடுத்தார்கள். காசை வர்ணித்து எழுத வேண்டும் என்றால் காசைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதனால் முதலாளி என்னை ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கியே சில வருடங்கள் போயின. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாத் தொழிலிலும் அந்தப் பகுதி ஒரே மாதிரிதான்.

முதலாளி பெஸ்தன்ஜி சேட் பார்சிக்காரர். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, குஜராத்தி கலந்த இந்தி. நான் அவரைவிட இரண்டு விரற்கடை உயரம் என்பது அவருக்குப் பிடிக்காது. ஆகவே நான் நின்றால் உட்காரச் சொல்வார். கோபம் வந்தால் குரல் இறங்கும். ஒன்றுமே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் நாம் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.

அவர் காசு பார்க்கும் முறைக்குச் சில சட்டங்கள் உண்டு. காலையில் கடை திறந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ரூபாயை எடுப்பார். அவருடைய அப்பா, நாணயச்சாலையிலிருந்து வந்த அன்றே உறையில் போட்டு வைத்த காசு. யாரும் தேய்க்காமல், தொடாமல், வருடக்கணக்காக உறைக்குள்ளேயே நிறம் ஏறியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்றக் காசு. கண்ணைக் கழுவிக்கொள்வது என்று அதற்குப் பெயர். நானும் கழுவிக்கொள்ள வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் காசுக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். வடக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். மழைக்காலத்தில் மேகம் கட்டியிருந்தால், தபாலில் வந்த காசாக இருந்தாலும் நேரில் வந்த ஆளாக இருந்தாலும், நாளைக்குத்தான்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான சட்டம் டீ. காசைக் கொண்டு வந்தவர் அதை மேஜையில் கிடக்கும் பச்சை நிற மை ஒற்றுத்தாளின் மேல் வைத்துவிட்டு, எதிரே இருந்த இரானி கடைக்குப் போய் டீ குடிக்க வேண்டும். கணக்கு சேட்டுடையது. ஆள் எதிரில் இருந்தால் முகம் கண்ணில் படும், முகம் கண்ணில் பட்டால் காசு கெட்டுப்போகும் என்பார். ஏழை முகம், திருட்டு முகம், பெரிய மனிதர் முகம், எதுவும் அவருக்கு வேண்டாம். டீ குடித்துவிட்டுத் திரும்பி வருபவர் மேஜையைப் பார்த்தாலே போதும். காசில் இருக்கும் விக்டோரியா ராணி தலை நிமிர்ந்து கிடந்தால் காசு நல்லது, உட்கார்ந்து விலை பேசலாம். கவிழ்ந்து கிடந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். போலி, மோசடி என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று சொல்லி வைத்தவர்கள் வெள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். நம் ஊரில் வெள்ளி கறுத்தால் புளி போட்டுத் தேய்ப்போம், விபூதி போட்டு மினுக்குவோம். அப்படித் தேய்த்த காசு சேகரிப்பவர்களுக்குச் செத்த காசு. வெள்ளைக்காரர்களில் சிலருக்கு அந்தக் காலத்தில் நிறக்காசுப் பைத்தியம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு விக்டோரியா ரூபாய் கிடைத்தால் சாதாரண விலையைப் போல் பல மடங்கு கொடுத்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் சும்மா இருப்பார்களா? சந்தில் கந்தகம் வாங்கி வைத்தவர்கள் உண்டு. அவித்த முட்டைக்குள் காசைச் சொருகி வைத்தவர்களும் உண்டு.

காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு ஊதா, அதன் பின் நீலம். இந்த வரிசை மாறாது. வருடக்கணக்கில் உறையிலோ பையிலோ கிடந்த காசில் விளிம்பில்தான் படலம் தடிமன். ஆகவே விளிம்பில் நீலம் இருந்தால், உள்ளே வர வர ஊதா, பழுப்பு, மஞ்சள் என்று இறங்கி நடுவில் வெள்ளி தெரியும். மஞ்சளுக்குப் பக்கத்தில் நேராக நீலம் வந்து உட்கார்ந்திருந்தால் நடுவில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள். காசைச் சாய்த்துச் சுழற்றினால் புதுக்காசின் ஒளி சக்கரம் போல் சுற்றி வரும். நிறத்துக்கு அடியிலும் அது தடைபடாமல் ஓட வேண்டும். நிறம் மேலே தனியாக மிதந்தால் சந்தேகம். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். எழுத்தின் இடுக்கில் போய்த் தேங்கியிருந்தால் அதுவும் சந்தேகம். கடைசியாகப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் ஒற்றிப் பார்ப்போம். வெள்ளியோடு சேர்ந்த நிறம் அசையாது. பூசிய நிறம் பஞ்சில் வந்துவிடும்.

இனி, காதர் பாய்.

காதர் பாய்க்குத் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் வெள்ளிச் சாமான் வாங்கி விற்கிறவர். மாட்டுங்கா, சயான், காட்கோபர் என்று வீடு வீடாகப் போய் நசுங்கிய குங்குமச் சிமிழ், அறுந்த கொலுசு, பழைய ரூபாய் எல்லாம் எடைக்கு வாங்குவார். மற்ற வியாபாரிகள் அத்தனையையும் உருக்குகிறவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இவர் மட்டும் ரூபாய்களைத் தனியே பிரித்து, உருக்கக் கூடாததை எங்களிடம் கொண்டு வருவார். உருக்கினால் எடைக்குக் காசு, சேட்டிடம் வந்தால் அதற்கு மேல் காசு. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. சந்தில் அவரைப் பழைய வெள்ளிக்காரன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. காசுக்காரர் காதர் பாய் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

ஒரு கோடைக்காலத்தில் அவர் ஒரு விக்டோரியா ரூபாயை ஒற்றுத்தாளில் வைத்துவிட்டு டீக்குப் போனார்.  ராணியின் கன்னத்திலிருந்து விளிம்பு வரைக்கும் மஞ்சள், ஊதா, நீலம். தேய்மானமே இல்லாத காசு. ஒளி அடியில் நன்றாகவே ஓடியது. சேட் லென்ஸை எடுத்தார். நானும் என்னுடையதை எடுத்தேன்.

பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் குறைந்தது. ராணி இருந்த பக்கம் மட்டும்தான் வானவில். மறுபக்கம் சோகையாக, லேசான சாம்பல். அது ஒன்று. நிறத்துக்குள்ளே மெல்லிய குறுக்கும் நெடுக்குமான கோடுகள். ஏதோ திரவத்தில் துணியை முக்கி ஒற்றியது போல. அது இரண்டு. எழுத்துகளின் இடுக்கில் ஒரு மஞ்சள் தேங்கியிருந்தது. மோந்து பார்த்தோம், வாடை எதுவுமில்லை. சேட் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓர் எழுத்தின் மேல் வைத்து எடுத்தார். பஞ்சு மஞ்சளாகிவிட்டது. ஊதாவும் நீலமும் அசையவில்லை, மஞ்சள் மட்டும் வந்தது.

"கந்தகம் காட்டியிருக்கான். சரியா வராத இடத்துல சாயம் போட்டிருக்கான்" என்றார் சேட். அவர் குரல் இறங்கிவிட்டது. காசைக் கவிழ்த்து வைத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

காதர் பாய் திரும்பி வந்தார். வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வந்தவர் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். பஞ்சு பக்கத்திலேயே கிடந்தது.

"எங்கே வாங்கினது?" என்று சேட் கேட்டார். சாதாரணமாகக் கவிழ்ந்த காசுக்கு அந்தக் கேள்வி கிடையாது. சாயம் போட்ட காசுக்கு உண்டு. வந்த இடத்தைச் சொல்லிவிட்டால், வாங்கியவர் ஏமாந்தார் என்று ஆகும். சொல்லாவிட்டால், செய்தவரே அவர்தான் என்று ஆகும். சந்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது.

காதர் பாய்க்கும் தெரியும். "அது சொல்ல முடியாது சேட்" என்றார் இந்தியில். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "சாமி, நான் ஒண்ணும் செய்யல. வாங்குன மேனிக்குக் கொண்டாந்தேன்."

"எந்த வீடுன்னு சொன்னாப் போறும் பாய். நீங்க தப்பிச்சுக்கலாம்."

"வாக்குக் குடுத்துட்டேன் சாமி. வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் வாங்குனேன். இப்பம் எனக்கு முட்டுதுன்னு சொன்னா அது என்ன வாக்கு?"

காசை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் சாயங்காலத்துக்குள் சந்து முழுவதற்கும் தெரிந்திருந்தது. இரானி கடைக்காரருக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அவருடைய காசை ஒற்றுத்தாளில் வைக்க விடவில்லை.

எனக்குச் சங்கடமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் சந்தேகம் இல்லை. மூன்று சாட்சி சேர்ந்து சொன்னால் நம்ப வேண்டியதுதானே.

மழை தொடங்கிய சமயத்தில் என் பெண்ணுக்கு டைபாய்டு வந்தது. சயான் ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து கொடுத்தும் ஜுரம் இறங்கவில்லை. ஒருநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்னா, ஒரு ரூபா குடுங்கோ. வைத்தீஸ்வரனுக்கு முடிஞ்சு வச்சுடறேன்."

கொடுத்தேன். அவள் வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். ஈரத்தோடே காசை நடுவில் வைத்து, நான்கு மூலையையும் சேர்த்துப் பின்பக்கம் இறுக்கி முடிந்தாள். முடிந்துவிட்டு, வேண்டிக்கொண்டு, என்னிடம் காட்டினாள். முன்பக்கம் ஒற்றைத் துணி, காசின் உருவம் அப்படியே தெரிந்தது. பின்பக்கம் முடிச்சும் மடிப்புமாகத் தடித்திருந்தது. அவள் கட்டை விரலில் மஞ்சள்.

அந்த மஞ்சளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பஞ்சில்.

மாட்டுங்காவில் பிறந்து, வருடா வருடம் வீட்டில் காசு முடிந்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேட்டிக்கு மஞ்சள், பத்திரிகைக்கு மஞ்சள், பால் காய்ச்ச மஞ்சள். கடைக்குள் நுழைந்து ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் மஞ்சள் சாயமாகிவிடுகிறது. சேட்டுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஒற்றைத் துணி இருந்த பக்கம் நெசவுக்கோடு, முடிச்சு இருந்த பக்கம் சாம்பல், இடுக்கில் மஞ்சள். மூன்று சாட்சியும் கட்சி மாறிவிட்டன. ஆனால் நிறம்? மஞ்சள் துணி மட்டும் வெள்ளிக்கு நீலம் ஏற்றாது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சேட்டிடம் போக முடியாது. வாய்ப்பேச்சை அவர் கேட்க மாட்டார்.

காதர் பாயைக் கிங்ஸ் சர்க்கிளில் பிடித்தேன். தோளில் சாக்குப்பை, கையில் தராசு. மறுபடி எடைக்கு வாங்கி உருக்குகிறவரிடம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், வீட்டைச் சொல்ல வேண்டாம், ஆளைச் சொல்ல வேண்டாம். நான் கேக்கறது தப்புன்னா தப்புன்னு மட்டும் சொல்லுங்கோ. அந்தக் காசு மஞ்சத் துணில முடிஞ்சிருந்ததா?"

அவர் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"வேண்டிண்டு எடுத்து வச்ச காசு. இல்லையா?"

"நீங்களாச் சொல்லுதிய. நான் சொல்லல."

"சரி, நீங்க சொல்லலை. எதுல போட்டு வச்சிருந்தா?"

"டப்பாவுல."

"என்ன டப்பா?"

"காய டப்பா. பெருங்காயம் வாங்குவாகல்லா, அந்தத் தகர டப்பா. மூடியத் தொறந்ததும் மூக்கத் தொளைச்சிட்டு. துணிய அவுகளே எடுத்துக்கிட்டு காச மட்டும் குடுத்தாவ. அதுலயும் வாடை. வாடையடிச்சா சேட்டு வெலயக் கொறப்பாரேன்னு ஒரு மாசம் சன்னல்ல காத்தாட வச்சிருந்து, வாடை போன பொறவுதான் கொண்டாந்தேன்."

நடைபாதை என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை அவரே ஒரு மாதம் பாடுபட்டு விரட்டியிருக்கிறார். அந்த வாடையோடு கொண்டு வந்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பெருங்காயத்தில் இருப்பது கந்தகம். சாதாரணக் காற்று வருடக்கணக்கில் செய்வதை அது மூடிய டப்பாவுக்குள் சில மாதங்களில் செய்துவிடும்.

வீட்டைப் பற்றி நான் கடைசி வரை கேட்கவில்லை. கேட்க அவசியமுமில்லை. நேர்த்திக்கடனை வேறு ரூபாய் போட்டுத் தீர்த்திருப்பார்கள். ஆனாலும் சாமிக்கு முடிந்த காசை விற்ற வீடு என்று பெயர் வந்தால் எங்கள் பக்கத்தில் கல்யாணம் கார்த்திகை வரைக்கும் அது கூடவே வரும்.

சேட்டிடம் போய், நல்ல ஒளியுள்ள வெள்ளி ரூபாய் ஒன்று வேண்டும், எதற்கென்று இப்போது கேட்கக் கூடாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ராஜா தலை போட்ட மலிவான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் மனைவி அதை மஞ்சள் துணியில் முடிந்து தந்தாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டாள். காதர் பாய்க்கு என்றேன். ஒட்டிக்கொண்டிருந்த கட்டிப் பெருங்காயத்தோடு பழைய டப்பா ஒன்றில் போட்டு மூடினேன். அந்தக் காலத்துப் பெருங்காயம். இப்போது வருவதில் மாவுதான் அதிகம், ரசத்தையே மணக்க வைக்க முடியவில்லை, வெள்ளியை எங்கே நிறம் மாற்றுவது? அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் என் பெண் எழுந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தபோது ராஜா தலையில் ஊதா ஏறியிருந்தது. விளிம்பில் நீலம்.

காதர் பாயை அவருடைய காசோடு வரச் சொன்னேன். அதை அவர் வேறு யாருக்கும் விற்கவில்லை, உருக்கவும் இல்லை. என் காசின் வாடை போகட்டும் என்று நானும் ஜன்னலில் வைத்து எடுத்து வந்திருந்தேன். இரண்டையும் ஒற்றுத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சேட் எதிரே கையைக் காட்டினார். இரண்டு பேரும் டீக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது இரண்டு காசும் கவிழாமலும் நிமிராமலும் அவருடைய உள்ளங்கையில் இருந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரி வேலை. எதுல செஞ்சது?"

சொன்னேன். மஞ்சள் துணி, பெருங்காய டப்பா, வேண்டுதல், எல்லாவற்றையும் இந்தியில் விளக்கினேன். "ஹிங்?" என்று இரண்டு முறை கேட்டார். பார்சி வீட்டில் அதை எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்? பிறகு லென்ஸை மடக்கிப் பையில் வைத்தார். என்னுடைய காசை ஒற்றுத்தாளில் கவிழ்த்தார். காதர் பாயுடையதை நிமிர்த்தி வைத்தார்.

"இது நீ செஞ்சது. அது காசுக்குத் தானா நேர்ந்தது. விக்கணும்னு யாரும் செய்யலை."

"கண்ணுக்கு வித்தியாசம் தெரியறதா சேட்?"

"தெரியலை."

"பின்னே எதைப் பாத்து வச்சேள்?"

சேட் தலையை நிமிர்த்திக் காதர் பாயின் முகத்தைப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் ஒருவரின் முகத்தைப் பார்த்துக் காசுக்குத் தீர்ப்புச் சொன்னது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். 

காதர் பாய் நேராக விஷயத்துக்கு வந்தார். "சேட், காசு சரின்னு உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. சந்துக்குத் தெரியாதே. என் பேருக்கு என்ன வழி?"

அங்கேதான் முடிச்சு இருந்தது. காரணத்தைச் சொன்னால் காதர் பாய் பெயர் அந்த நிமிஷமே துலங்கிவிடும். ஆனால் சொன்ன மறுநாள் பம்பாயில் ஒரு பெருங்காய டப்பாவும் சும்மா இருக்காது. எங்கள் கண்ணாலேயே பிரிக்க முடியாத காசுகள் சந்தில் குவியும். அதற்கப்புறம் தானாக நிறம் ஏறிய காசைக்கூட யாரும் நம்பமாட்டார்கள்.  சேட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, காதர் பாயின் கையைப் பிடித்தார்.

"வா" என்றார்.

நானும் பின்னால் போனேன். சந்தின் முதல் கடையிலிருந்து கடைசிக் கடை வரைக்கும் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. "இவர் கொண்டு வந்த காசு சுத்தம். நான் வாங்கிட்டேன். என் கண்தான் தப்பு." எப்படித் தப்பாயிற்று, பஞ்சில் மஞ்சள் வந்ததாமே என்று கேட்டவர்களுக்கும் அதே பதில். என் கண்.

கடைசிக் கடையை விட்டு இறங்கும்போது காதர் பாய் தாங்காமல் கேட்டார். "சேட், உங்க கண்ணு தப்பில்லையே. எதுக்கு இப்படிச் சொல்லுதிய?"

"நீ வாக்கு குடுத்தா வாயத் திறக்க மாட்டே. நான் மட்டும் திறக்கணுமா?" என்றார்.

அன்று முதல் காதர் பாயின் காசை எல்லாக் கடையிலும் வாங்கினார்கள். அவர் பெயர் திரும்பி வந்தது. சேட்டின் பெயர்தான் குறைந்தது. பெஸ்தன்ஜிக்குப் பார்வை மங்கிவிட்டது என்றார்கள். பெரிய சேகரிப்புகளை விற்க வந்தவர்கள் சந்தில் வேறு கடைக்குப் போனார்கள். எங்கள் தீர்ப்புக்கு மேல் இன்னொரு தீர்ப்புக் கேட்டார்கள். அவர் மறுக்கவே இல்லை. கேட்டால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். ஊசியில் நூல் கோக்கும் பார்வை அது. எனக்குக் கோபமாக வந்தது. இரண்டு மூன்று நம்பகமான ஆட்களிடமாவது சொல்லிவிடுகிறேனே என்றேன். அவர் குரல் ஒன்றுமே கேட்காத அளவுக்கு இறங்கியது. நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் என் பெருங்காய ரூபாயையும் ஒரு உருண்டை புளியையும் என் முன்னால் வைத்து, "தேய்" என்றார். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பளபளவென்று தேய்த்தேன்.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு அவர் நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். மேஜை இழுப்பறையும், அவர் அப்பாவின் ரூபாயும், இரானி கடைக் கணக்கும் என்னிடம் வந்தன.

பெருங்காய டப்பாவில் என்ன நடக்கும் என்று பம்பாயில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் நாள் முழுக்க வீடு வீடாக வெள்ளி ரூபாய் வாங்குகிறவர். நினைத்திருந்தால் மாதம் ஒரு வானவில் கொண்டு வந்திருக்கலாம். காதர் பாய் அந்த நாளுக்குப் பிறகு எங்கள் கடைக்குக் கொண்டு வந்ததெல்லாம் வெள்ளைக் காசு, பழுப்புக் காசு, அட்டைக்கரியாகக் கறுத்த காசு. வாங்கும் இடத்தில் நிறக்காசு கிடைத்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாங்கி வருவதாக ஒருதரம் சொன்னார். அது எவ்வளவு நஷ்டம் என்று எனக்குத் தெரியும். வீம்புக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகள் முடியப் போகிற சமயம். ஒருநாள் காலையில், நல்ல வெயில், காதர் பாய் வந்தார். உட்காரவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து ஒரு ராணி ரூபாயை ஒற்றுத்தாளில் வைத்தார். விளிம்பில் நீலம், உள்ளே ஊதா, அதற்குள்ளே பழுப்பு.

"பழைய பெட்டியில வெல்வெட்டுக்குள்ள இருந்திச்சு" என்றார். "வேண்டாம்னுதான் நெனச்சேன். உருக்குத ஆளு பக்கத்துலயே நிக்கான். மனசு கேக்கல."

நான் லென்ஸை எடுக்காமலே, "பாய், உங்களை எனக்குத் தெரியாதா? உக்காருங்கோ" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்லாதிய சாமி. எம் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ அந்தப் பெரிய மனுசன் கண்ணக் குடுத்தாரு. அது ஒண்ணு போதும். நீங்க காசப் பாருங்க." சொல்லிவிட்டு, நான் கையைக் காட்டுவதற்கு முன்னாலேயே டீக்குப் போய்விட்டார்.

சேட்டின் அப்பாவின் ரூபாயை எடுத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டேன். பிறகு அந்தக் காசை ஜன்னலுக்குக் கொண்டு போனேன். நிறத்தின் வரிசை, அடியில் ஓடும் ஒளி, எழுத்தின் ஓரம், மறுபக்கம், பழைய கீறல். பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓர் எழுத்தின் மேல் வைத்து எடுத்தேன். வெள்ளையாகவே வந்தது. இன்னோர் எழுத்திலும் வைத்துப் பார்த்தேன். நெசவுக்கோடு இருக்கிறதா என்று மறுபடி லென்ஸை வைத்தேன். வேறு யாருடைய காசுக்கும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பார்த்து முடித்ததும் ஒற்றுத்தாளில் வைத்தேன்.

காதர் பாய் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று மேஜையைப் பார்த்தார். ராணி நிமிர்ந்து கிடந்தாள்.

"ரெண்டு டீ குடிச்சிட்டேன். ரொம்ப நேரமாப் பாத்திய போல" என்றார்.

"ஆமா பாய்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.